கரண்டி நம் கையில், கணக்கு யார் கையில்?

பட்டணத்தில் வீட்டைப் பழுது பார்க்க நல்ல காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பத்திரிகைகள் அடிக்கடி யோசனை சொல்கின்றன. மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்குங்கள். அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். சொந்தக்காரர்களில் சமீபத்தில் வீடு கட்டியவர் யாரென்று கேளுங்கள். முன்பணத்தை அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். யோசனைகளில் தப்பொன்றும் இல்லை. ஆனால் இவை யாருக்குச் சொல்லப்படுகின்றன? சொந்தத்தில் ஒரு இன்ஜினியரும் அடுத்த தெருவில் ஒரு சிமெண்டுக் கடைக்காரனும் இருப்பவனுக்கு. சேரியிலிருந்து படித்து, வேலைக்குப் போய், லோன் போட்டுச் சென்னையில் ஒரு பழைய வீட்டை வாங்கியவனுக்கு 'சொந்தத்தில் விசாரி' என்பதற்கு என்ன அர்த்தம்? அவன் சொந்தத்திலும் வீடு கட்டியவர்கள் ஏராளம் உண்டு. எல்லாம் அடுத்தவன் வீடு.

எங்கள் பண்பொழிப் பக்கத்தைச் சொல்கிறேன். திருமலைக்கோயில் மலையடிவாரம். மேற்கே மலை, மலையைத் தாண்டினால் கேரளம். ஆனி, ஆடியில் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. வருசத்தில் இரண்டு மழைக்காலம் என்பது குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவனுக்குச் சந்தோஷம். ஒழுகுகிற வீட்டுக்காரனுக்கு இரண்டு தண்டனை. வயல்வேலை குறையக் குறைய, எங்கள் சனம் புளியரை தாண்டிப் புனலூர், கொல்லம் என்றும், ரயிலேறிச் சென்னை என்றும் கட்டட வேலைக்குப் போனது. ஆம்பிளை கொத்தனாராக, கையாளாக, பொம்பளை சித்தாளாக. "ஊரான் மாடிக்கெல்லாம் தளம் போட்டுட்டு வாரோம், நம்ம வீட்டு ஒழுகலுக்குச் சட்டிதான வைக்கோம்" என்று எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தி சொல்லுவாள். நம் பிரச்சனை முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது.

கட்டடத் தொழிலின் ஏணியைப் பாருங்கள். மேலே காண்ட்ராக்டர். அவனுக்குக் கீழே வேலையைக் கைமாற்றி வாங்கும் சப்-காண்ட்ராக்டர். அதற்குக் கீழே மேஸ்திரி, பிறகு கொத்தனார், கையாள், கடைசியில் பாண்டுச் சட்டி சுமக்கும் சித்தாள். வீட்டுக்காரன் கொடுக்கும் ரூபாய் ஒவ்வொரு படியாக இறங்கி வரும்போது ஒவ்வொருவனும் கொஞ்சம் கிள்ளிக்கொள்கிறான். கடைசிப் படியில் நிற்பது பெரும்பாலும் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலை தெரிந்தவன் கீழே இருக்கிறான். கணக்குத் தெரிந்தவன் மேலே இருக்கிறான். சாதி இந்தச் சமூகத்தில் செய்துவைத்திருக்கிற ஏற்பாடும் இதுதான். உழைப்பையும் கணக்கையும் பிரித்து, கணக்கைத் தன்னிடம் வைத்துக்கொள்வது.

இப்போது 'நம்பகமான காண்ட்ராக்டர்' என்ற சொல்லுக்கு வருவோம். நம்பகம் என்பதை ஏதோ ஒருத்தனுடைய பிறவிக் குணம் மாதிரி பேசுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு காண்ட்ராக்டர் ஒழுங்காக வேலை செய்வதற்கு முக்கியமான காரணம், ஏமாற்றினால் தனக்கு நட்டம் வரும் என்ற பயம். ஆதிக்கச் சாதிக்காரன் வீட்டில் பூச்சு உதிர்ந்தால், மறுநாளே சங்கத்தில், கல்யாண வீட்டில், கோயில் கமிட்டியில் பேச்சு பரவும். அடுத்த நாலு வேலை போய்விடும். ஆகவே அவன் வீட்டில் கலவை சரியாக இருக்கும். நம் வீட்டில் உதிர்ந்தால் யாரிடம் சொல்லுவோம்? நம்ம வாய்ச்சொல்லுக்கு அவன் தொழிலைக் கெடுக்கும் பலம் இருக்கிறதா? இல்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொள்ளத்தான் முதல் நாளே பேச்சுக் கொடுக்கிறான்.

"சாருக்கு எந்த ஊரு?"

"தென்காசிப் பக்கம்."

"தென்காசில எங்கன?"

"பண்பொழி."

"பண்பொழில எந்தத் தெரு?"

முதல் கேள்வி மரியாதை. மூன்றாவது கேள்வி சாதி. அந்தப் பதிலுக்குப் பிறகு டீத் தம்ளரை வாங்குகிறானா, 'இப்பத்தான் குடிச்சேன்' என்கிறானா என்று பாருங்கள். தம்ளரைத் தொடாதவன் உங்கள் வீட்டுக் கலவையில் எவ்வளவு சிமெண்டு போடுவான் என்பதை அப்போதே ஊகித்துக்கொள்ளலாம்.

'வீட்டு ரிப்பேருக்கெல்லாம் அரசியலா?' என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். நமக்கு வீடு எப்போது அரசியல் இல்லாமல் இருந்திருக்கிறது? 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு கூரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். கூரை என்றால் நமக்கு மழை மட்டும் இல்லை, தீயும்தான். 1974-ல் தாட்கோவைத் தொடங்கியபோது அதன் பெயரிலேயே 'வீட்டு வசதி' இருந்தது. தீப்பிடிக்காத வீடுகளைக் கட்டித் தருவதே அதன் முதல் வேலை. 1995 ஆகஸ்ட் 31-ல் கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடு வீடாக அடித்து நொறுக்கியது. வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பொருள், டிவி, மின்விசிறி எல்லாம் உடைந்தன. அந்த ஊர் கொஞ்சம் நல்லா இருந்ததே குற்றமாகப் பட்டது. 2012 நவம்பர் 7-ல் தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன, கொளுத்தப்பட்டன. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ச் சம்பாதித்தவர்கள் அங்கே நிறைய. சேரியில் ஒரு மெத்தை வீடு எழுந்தால் யாருக்கோ கண் உறுத்துகிறது. அதனால் நம்மவன் ஒருவன் வீட்டைச் செப்பனிடுவது வெறும் சுண்ணாம்பு வேலை அல்ல. அவன் தலைமுறைச் சேமிப்பு அதில் போகிறது. அதை ஒரு காண்ட்ராக்டர் தின்றுவிட்டால் இரண்டாவது வாய்ப்பு அவனுக்குக் கிடையாது.

தனி காண்ட்ராக்டரைவிடப் பெரிய காண்ட்ராக்டர் ஒன்று உண்டு: அரசாங்கம். தொகுப்பு வீடு கட்டும்போது யாரை வைத்துக் கட்டுவது என்று குடியிருக்கப் போகிறவனிடம் எப்போது கேட்டார்கள்? இத்தனைக்கும், 1996 ஜனவரியிலிருந்து தனித் திட்டமாக நடந்த இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தின் விதிகளிலேயே, காண்ட்ராக்டரை வைக்கக் கூடாது, பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. 2016-ல் அதன் இடத்தில் வந்த பிரதமர் ஊரகக் குடியிருப்புத் திட்டத்திலும் அதே விதி. காகிதத்தில் நாமே காண்ட்ராக்டர். நடப்பில்? "நீ எதுக்கு அலையுத, கையெழுத்த மட்டும் போடு, வீட்ட நாங்க முடிச்சுத் தாரோம்" என்று ஒருவன் வருவான். கையெழுத்து நம்முடையது, பில் அவனுடையது, ஒழுகல் நம்முடையது. விதியைத் தெரிந்துவைத்திருக்கும் ஒரு படித்த பிள்ளை அந்தத் தெருவில் இருந்தால் இந்த வியாபாரம் நடக்காது.

பட்டணத்தில் இன்னும் மோசம். சென்னை புளியந்தோப்பு கே.பி.பூங்காவில் குடிசை மாற்று வாரியம் எழுப்பிய அடுக்குமாடிக் குடியிருப்பில் 2021 ஆகஸ்டில் என்ன நடந்தது? கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்தது. பார்த்தவர்கள் படம்பிடித்து வெளியே காட்டிய பிறகுதான் ஐ.ஐ.டி. ஆய்வு வந்தது, இரண்டு பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அடுத்த மாதமே வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அதே ஆண்டு டிசம்பர் 27-ல் திருவொற்றியூரில் வாரியக் கட்டடம் ஒன்று 24 வீடுகளோடு சரிந்தது. விரிசலைப் பார்த்துச் சனங்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். பெயர்ப் பலகை மாறியது சரி. காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் குடியிருப்பவனுக்கு நாற்காலி போட்டார்களா? அதுதான் கேள்வி.

சரி, இன்றைக்குச் சென்னையில் வீட்டைச் செப்பனிடப் போகும் நம்மவன் என்ன செய்ய வேண்டும்? நம் தெருக் கொத்தனார்கள் சொல்லக் கேட்டு நான் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில், ஆளைப் பார்க்காதே, அவன் செய்த வேலையைப் பார். புதிதாக முடித்த வீட்டைக் காட்டினால் போதாது. இரண்டு மழை கண்ட வீட்டைக் காட்டச் சொல். சுவரில் ஓதம் அடிக்கிறதா, தளத்தில் பொரிந்திருக்கிறதா என்று கண்ணே சொல்லிவிடும். அந்த வீட்டுக்காரரோடு காண்ட்ராக்டர் இல்லாத நேரத்தில் பேசு. முடிந்தால் அவனிடம் வேலை செய்யும் கையாளோடும் சித்தாளோடும் பேசு. 'சனிக்கிழமை கூலி சரியா வருதா அக்கா?' என்று கேட்டால் போதும். கூலியை இழுத்தடிக்கிறவன் சிமெண்டையும் இழுத்தடிப்பான். காண்ட்ராக்டரின் நாணயத்தை அளக்க இதைவிட நல்ல மட்டப்பலகை இல்லை. எந்தப் பத்திரிகையும் சித்தாளிடம் விசாரிக்கச் சொல்லி யோசனை சொன்னதை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, நோயைத் தெரிந்துகொள். தளத்தின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதென்றால், கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். துரு ஏறிய கம்பி பருக்கும்; பருத்துக் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். அதன்மேல் சும்மா பூசிவிட்டுச் சுண்ணாம்படித்தால் ஒரு வருசத்தில் மறுபடி விழும். பெயர்ந்த காரையை முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, தேய்ந்துபோன இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, பிறகுதான் பூச வேண்டும். ஒழுகல் என்றால் மேலே போய்ப் பார்க்க வேண்டும். தட்டோடு பெயர்ந்திருக்கிறதா, மழைத்தண்ணீர் போகும் வாட்டம் சரியா என்று. மாடி ஏறிப் பார்க்காமல் கீழே நின்றபடி ரேட் சொல்கிறவனை அப்படியே அனுப்பிவிடு.

மூன்றாவது, வாய்ப்பேச்சு வேண்டாம். எழுத்து வேண்டும். லேபர் காண்ட்ராக்டா, சாமானோடு சேர்த்தா? எந்தச் சிமெண்டு, கலவை ஒன்றுக்கு எத்தனை, எத்தனை சதுர அடி, எந்தத் தேதிக்குள்? எல்லாவற்றையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. 'எங்க மேல நம்பிக்கை இல்லையா?' என்று கேட்பான். 'கோர்ட்டே எழுத்தத்தான் நம்புது' என்று சொல்லு. நூற்றாண்டுக் கணக்காக வாய்ப்பேச்சில் ஏமாந்த சனம் நாம். பண்ணையாரும் வாய்ப்பேச்சில்தான் கூலி பேசினான்.

நான்காவது, அளவு. 8 மில்லிமீட்டர் கம்பி நாற்பதடி நீளத்துக்கு ஏறக்குறைய 4.7 கிலோ இருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் என்றால் 7.4 கிலோ. தராசில் வைத்துப் பார்த்தால் களவு தெரிந்துவிடும். சிமெண்டு மூட்டையில் எந்த வாரம் தயாரித்தது என்று அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டியதைத் திருப்பி அனுப்பு. பூசிய சுவருக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். இதையெல்லாம் நம் வீட்டுப் பெண்கள் நன்றாகக் கவனிப்பார்கள். பலர் சித்தாளாக இருந்து கற்றவர்கள்தானே?

ஐந்தாவது, பணம். வேலை முன்னே, பணம் பின்னே. மொத்தத்தையும் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதி முடிந்து அளந்த பிறகு கொடு. பத்தில் ஒரு பங்கையாவது நிறுத்தி வை. எப்போது கொடுப்பது? வேலை முடிந்த அன்றைக்கா? இல்லை. ஒரு மழை தாண்டட்டும். சென்னையில் ஐப்பசி மழை, பண்பொழியில் ஆடிச் சாரல். மழையைவிட நேர்மையான இன்ஜினியரை நான் கண்டதில்லை. சாதி கேட்காது, கமிஷன் வாங்காது.

இவ்வளவும் செய்தும் ஏமாற்றினால்? வீடு கட்டித் தருவதும் 'சேவை'தான், அதில் குறை இருந்தால் நுகர்வோர் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம் என்று லக்னோ வளர்ச்சிக் குழுமம் தொடர்பான வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு அமைப்பும் இதற்கு விலக்கல்ல என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான செய்தி. இன்று நடப்பில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மாவட்ட ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே வாதாடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. இரண்டு வருசத்துக்குள் போக வேண்டும். அரசு கட்டும் வீடென்றால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மதிப்பீட்டு நகலும் அளவுப் புத்தக நகலும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியும். வேலையை நேரில் போய்ப் பார்வையிடவும், சிமெண்டு, மணல் போன்ற பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்டு வாங்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சாதியைக் காரணம் காட்டி வேலைக்கே வர மறுத்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் வந்த திருத்தத்தைப் படியுங்கள். தொழில் உறவு வைக்க மறுப்பதும், கூலிக்கு வேலை செய்ய மறுப்பதும் 'பொருளாதாரப் புறக்கணிப்பு' என்ற வரையறைக்குள் வருகிறது.

இதோடு நிறுத்தினால் நாம் நல்ல வாடிக்கையாளராகத்தான் ஆவோம். அது போதாது. வேலை தெரிந்த நம் ஆட்கள் ஏன் காண்ட்ராக்டராக இல்லை? திறமை இல்லையா? பொதுப்பணித் துறையில் ஒப்பந்தக்காரராகப் பதிய வேண்டுமானால் சொத்து மதிப்புச் சான்று கேட்கிறார்கள். டெண்டர் போட முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். நிலம் இல்லாமல் வைக்கப்பட்ட சனத்திடம் சொத்துச் சான்று கேட்பது எப்படிப்பட்ட நியாயம்? கேட்டில் 'சாதிக்கு அனுமதி இல்லை' என்று எழுதவில்லை. 'சொத்து இல்லாதவனுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருக்கிறது. இரண்டும் ஒன்றுதான்.

மாற்ற முடியாததா இது? கர்நாடகத்தில் 2017-ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், 50 லட்சம் ரூபாய் வரையிலான அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில் பட்டியல் சாதியினருக்கு 17.15 சதவீதமும் பழங்குடியினருக்கு 6.95 சதவீதமும் ஒதுக்கியது. 2023-ல் அந்த வரம்பை ஒரு கோடியாக உயர்த்தினார்கள். மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கையில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 சதவீதம் உண்டு. ஆனால் அது பொருளுக்கும் சேவைக்கும்தான், கட்டட வேலைக்குக் கிடையாது. நமக்குத் தெரிந்த தொழில் எதுவோ அதை மட்டும் சரியாகப் பார்த்து விலக்கி வைத்திருக்கிறார்கள்! அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மத்தியப் பொதுப்பணித் துறையும் அந்தத் துறையின் கீழ்தான் இருந்தது. கட்டடத்தையும் கூலியாளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க முடியும் என்பதற்கு அது சாட்சி. தமிழ்நாட்டிலும் ஒப்பந்தங்களில் நம் பங்கைச் சட்டமாக்கு என்பது நம் கோரிக்கையாக வேண்டும். சேரியில் நடக்கும் வேலையிலாவது முதல் உரிமை சேரிக் கொத்தனார்களின் கூட்டுறவுக்கு என்பது அதன் முதல் படி.

ஒன்றை நேர்மையாகப் பேசிவிட வேண்டும். 'நம்மாளு' என்பதால் மட்டும் ஒருவன் நம்பகமானவன் ஆகிவிட மாட்டான். நம் தெருவிலிருந்து போய்ச் சின்னக் காண்ட்ராக்டராக ஆனவனும் சித்தாளுக்குக் கொத்தனார் கூலியில் பாதியைத்தான் கொடுக்கிறான். நம் வீட்டு முன்பணத்தை வாங்கி அடுத்த வேலையில் போட்டுவிட்டு அலையவிடுகிறவனும் உண்டு. சாதி உறவை நம்பிக் கணக்குக் கேட்காமல் விடுவது ஆதிக்கச் சாதிக்காரனின் பழக்கம். அவனுக்கு அது கட்டுப்படியாகும், நமக்கு ஆகாது. ஆகவே நம்மவனிடமும் எழுத்துக் கேள், அளவு கேள், ரசீது கேள். அவனுக்கும் அது நல்லது. எழுத்தும் அளவும் பழகிய கொத்தனார்தான் நாளைக்கு டெண்டர் போட முடியும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சிவில் டிப்ளமோவும் பி.இ.யும் படித்த நம் பிள்ளைகள் இன்று பல தெருக்களில் இருக்கிறார்கள். ஊராட்சி அலுவலகத்திலோ பேரூராட்சியிலோ ஒரு மதிப்பீட்டை வாங்கி, தெருவில் உட்கார்ந்து, பாட்டிக்கும் பெரியம்மாவுக்கும் புரிகிற மாதிரி வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். இத்தனை மூட்டை என்று எழுதியிருக்கிறான், வந்தது இத்தனை. இத்தனை கம்பி என்று எழுதியிருக்கிறான், போட்டது இத்தனை. கூட்டம் போட்டுப் பேசும் பத்துப் பேச்சைவிட இது அதிகம் செய்யும். 1994-ல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் உங்கள் தெருக் கொத்தனாரும் சித்தாளும் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

பட்டணத்தில் யார் நல்ல காண்ட்ராக்டர் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் ஒரு பெயரைச் சொல்வதில்லை. கணக்குக் காட்ட மறுக்காதவன், கூலியைப் பாக்கி வைக்காதவன், மழை வரும்வரை மீதிப் பணத்துக்குக் காத்திருக்கச் சம்மதிப்பவன் எவனோ அவன் என்றுதான் சொல்கிறேன். அப்படிப்பட்டவர்களை நம் தெருவிலிருந்தே உருவாக்கும் வரை அளவுநாடாவை நாம் கீழே வைக்க முடியாது.